மேற்கு வெயிலும் மேல்தளச் சூடும்: வாசகர் கேள்வி பதில்

சித்திரை பிறந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிவிடும். பட்டா மாறுதல், வீட்டுக் கடன், பொதுச் சுவர்த் தகராறு எல்லாம் பின்னால் போய், "வீட்டுக்குள்ள உக்கார முடியலைங்க" என்பதுதான் முன்னால் நிற்கும். இந்த மாதமும் அப்படித்தான். பலருக்கும் பயன்படும் என்று தோன்றிய கேள்விகளை எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறேன். இனி எழுதுகிறவர்கள் ஊர்ப் பெயரையும், வீடு எந்தத் திசை பார்த்தது என்பதையும் தவறாமல் எழுதுங்கள். பொள்ளாச்சிக்குச் சொல்கிற பதில் கரூருக்குப் பொருந்தாது. ஒரே ஊரிலேயே கிழக்கு பார்த்த வீட்டுக்குச் சொன்னது மேற்கு பார்த்த வீட்டுக்கு ஆகாது.

போன வருசம் மாடி எடுத்துக் கட்டினோமுங்க. பகல்ல கூடப் பரவாயில்லை, ராத்திரி 10 மணிக்கு மேலதான் மாடி ரூம்ல அனல் அடிக்குது. ஃபேன் போட்டா சுடுகாத்து. ஏசி வாங்கிடலாமா, வேற வழி இருக்குங்களா?
– வாசகர், பெருந்துறை

ஏசி பற்றி அப்புறம் பேசலாம், முதலில் ஒரு சின்னச் சோதனை. இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, ஃபேனை நிறுத்திவிட்டு, சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். அப்புறம் மேற்குச் சுவரில், அடுத்து கிழக்குச் சுவரில். உங்கள் கடிதத்தைப் படித்தால் சீலிங்தான் கையைச் சுடும் என்று நினைக்கிறேன். மேற்குச் சுவரும் சுட்டால் ஆச்சரியப்பட மாட்டேன், ஆனால் காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் தலைக்கு மேலே இருப்பதுதான்.

காரணம் இது. நம் கொங்குப் பக்கம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரியில் இருக்கிறது. சித்திரை முதல் வாரத்தில் உச்சிப் பொழுதுச் சூரியன் நேராக நம் தலைக்கு மேலே வந்து நிற்கும், ஆவணியில் மறுபடியும் ஒரு முறை வரும், நடுவில் இருக்கிற மாதங்களிலும் உச்சியை விட்டு ரொம்ப விலகாது. அதனால் மேல் மாடி வீட்டில் எந்தச் சுவரையும் விட அதிக வெயிலை வாங்குவது மொட்டை மாடி. நாலைந்து அங்குல காங்கிரீட் காலையிலிருந்து வாங்கிய சூட்டை உடனே கீழே விடுவதில்லை, சில மணி நேரம் வைத்திருந்து, வெளியே காற்று குளிர ஆரம்பித்த பிறகு உள்ளே விடுகிறது. உங்கள் ஃபேன் செய்வதெல்லாம் சீலிங்கை ஒட்டி நிற்கும் அந்தக் காற்றை உங்கள் மேல் தள்ளுவதுதான். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் குடியிருப்புகளுக்காகக் கொண்டுவந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பில் கூரைக்கு ஓர் அளவு சொல்லியிருக்கிறார்கள்: உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் உள்ளே இறங்கக் கூடாது. மேலே எதுவும் போடாத வெறும் காங்கிரீட் தளம் ஏறக்குறைய அதைப் போல மூன்று மடங்கு இறக்கும். மாடி எடுக்கும்போது கடைசியில் பணம் தீர்ந்து, "மேலே வெதரிங் அப்புறம் போட்டுக்கலாம்" என்று தளத்துக்கு மேல் காப்பு அடுக்கே இல்லாமல் விட்டுவிடுகிற வீடுகள் நம் ஊரில் ஏராளம், உங்களுடையதும் அப்படியா என்று பாருங்கள்.

செலவு குறைந்த வழி வெள்ளை. அழுக்கேறிய சிமெண்ட் தளம் வெயிலில் 30 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினாலே பெரிது, புதிதாக அடித்த வெள்ளை 70 சதவீதத்துக்கு மேல் அனுப்பிவிடும். சூளைச் சுண்ணாம்பை ஒரு ராத்திரி நன்றாக ஊற வைத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து, கூட்டிக் கழுவிய தளத்தில் ஈரம் காயும் முன் பொழுது சாயும் நேரத்தில் அடியுங்கள். ஒரு கோட்டு போதாது, இரண்டு மூன்று வேண்டும், ஒரு கோட்டு குறுக்கே என்றால் அடுத்தது நெடுக்கே. மழைக்காலம் முடிந்தால் பாதி போயிருக்கும், அதனால் மாசியில் ஒவ்வொரு வருசமும் அடிக்க வேண்டிய வேலை இது. சுண்ணாம்பு ஊறும்போது கொதிக்கும், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஒழுங்காக அடித்த வீட்டில் அறைக்குள் 2 முதல் 4 டிகிரி வரை குறையலாம், ராத்திரித் தூக்கத்துக்கு அது பெரிய வித்தியாசம்.

நிரந்தரமாக வேண்டுமென்றால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, வாட்டம் கொடுத்து, மேலே தட்டோடு பதிக்கிற பழைய முறை இருக்கிறது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்களே, அதேதான். இப்போது அந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் உடைந்த வெள்ளை டைல்ஸ் துண்டுகளைப் பதியுங்கள், டைல்ஸ் கடைகளில் உடைசல் மலிவாகக் கிடைக்கும்.

எல்லாவற்றிலும் உயர்ந்தது நிழல். தளத்தின் மேல் வெயிலே விழாவிட்டால் தளம் சுடாது. சோலார் போடுகிற எண்ணம் இருந்தால் பேனலை ஆள் நடக்கிற உயரத்துக்குத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். நீங்கள் படுக்கிற அறைக்கு நேர் மேலே வரட்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் இருக்கிறது. கரண்டும் கிடைக்கும், தளத்துக்குக் குடையும் கிடைக்கும்.

இதையெல்லாம் செய்த பிறகும் தேவைப்பட்டால் ஏசி வாங்குங்கள். அப்போது ஒன்றரை டன் கேட்ட அறைக்கு ஒரு டன்னே போதுமானதாக இருக்கும்.

புதுசா வீடு கட்டப் போறோம். ஆடி மாசம் மேற்கே இருந்து அடிக்கிற காத்துக்கு ஜன்னல் மேற்கே வைக்கணும்னு எங்க அப்பாரு சொல்றாரு. இன்ஜினியர் மேற்கே ஜன்னலே வேண்டாம், வெயில் வரும்ங்கறார். யார் பேச்சைக் கேக்கறது?
– வாசகி, உடுமலை

அம்மிணி, இரண்டு பேரும் சொல்வது சரி. நம் கொங்கு நாட்டுச் சிக்கலே இதுதான், இந்தக் கேள்வியை ரொம்ப நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மேற்கு மலைத்தொடர் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது, அதுதான் பாலக்காட்டுக் கணவாய். ஆனியிலிருந்து ஆவணி வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக அந்த வழியாக நம்மிடம் பாய்ந்து வருகிறது. உடுமலையிலும் பல்லடத்திலும் தாராபுரத்திலும் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது அதனால்தான். அம்மியைத் தூக்குகிற அந்தக் காற்றை வீட்டுக்குள் விட வேண்டாமா என்று உங்கள் அப்பாரு கேட்பது நியாயம்.

ஆனால் அதே மேற்கிலிருந்துதான் பங்குனி, சித்திரை, வைகாசியில் சாயங்கால வெயில் வருகிறது. அந்த வெயிலை சன்ஷேடு தடுக்காது. ஒரு கணக்கு சொல்கிறேன், கொத்தனாரிடம் காட்டுங்கள். சித்திரையில் மாலை நாலரை மணிக்குச் சூரியன் தரையிலிருந்து சுமார் 30 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்போது 2 அடி சன்ஷேடு தருகிற நிழல் கீழே ஒரு அடியும் கொஞ்சமும்தான் இறங்கும். 4 அடி ஜன்னலில் மிச்ச மூன்று அடி வெயில் அப்படியே கட்டில் மேல் விழும். தெற்குப் பக்கம் அதே 2 அடி சன்ஷேடு போட்டால், மார்கழியில் உச்சிப் பொழுதுச் சூரியன் 55 டிகிரியில் இருக்கும்போது கூட ஏறக்குறைய 3 அடிக்கு நிழல் இறங்கும். தெற்கையும் வடக்கையும் சன்ஷேடு காப்பாற்றும், மேற்கை அது காப்பாற்றாது. எல்லா ஜன்னலுக்கும் நாலு பக்கமும் ஒரே அளவில் சன்ஷேடு வரைந்து கொடுக்கிற பிளானைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

அதனால் மேற்கில் நேரடியாக ஜன்னல் வைக்காமல், முன்னால் 6, 7 அடிக்குத் தாழ்வாரம் இறக்குங்கள், அதன் விளிம்பு தாழ்வாக வரட்டும். அந்தத் தாழ்வாரத்து நிழலுக்குள் ஜன்னல் இருந்தால் காற்று வரும், வெயில் வராது. இடம் இல்லையென்றால் செங்கல் ஜாலி, அதாவது துவாரம் விட்டுக் கட்டுகிற சுவர். ஒரு செங்கல் கனம் உள்ள ஜாலியில் சாய்ந்த வெயில் துவாரத்தின் உள்பக்கத்திலேயே பட்டு நின்றுவிடும், காற்று புகுந்துவிடும். ஆடிப் புழுதிக்கு ஜாலியின் உள்பக்கம் மூடித் திறக்கிற கதவு ஒன்று கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் தினமும் இரண்டு முறை கூட்டுகிறவர் நீங்கள்தான். காற்று வருகிற திறப்பு அளவாக இருந்து, கிழக்கில் வெளியேறுகிற திறப்பு அதை விடப் பெரிதாக இருந்தால் உள்ளே காற்று நன்றாக இழுக்கும். போகிற வழி இல்லாமல் வருகிற வழியை மட்டும் எத்தனை பெரிதாக வைத்தாலும் காற்று வராது, படுக்கையறைக் கதவைச் சாத்தியதும் புழுங்குவது அதனால்தான். கதவுக்கு மேலே உள்பக்கச் சுவரில் ஒரு வென்டிலேட்டர் விட்டால் தீர்ந்தது.

இன்னொன்று. கடற்கரை ஊர்களில் பகலுக்கும் ராத்திரிக்கும் சூட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. நம் பக்கம் பங்குனியில் பகல் 35, 36 டிகிரி என்றால் விடியற்காலம் 22, 23க்கு இறங்கிவிடும். இது நமக்குக் கிடைத்த பெரிய சொத்து. கனமான சுவரும் தரையும் உள்ள வீட்டில் ராத்திரி ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டு, காலை 9 மணி வாக்கில் மூடித் திரை இழுத்துவிட்டால் சாயங்காலம் வரை அந்தக் குளிர்ச்சி நிற்கும். பகலெல்லாம் "காத்து வரட்டும்" என்று திறந்துவைத்து, ராத்திரி கொசுவுக்குப் பயந்து சாத்தி வைப்பது நேர்மாறான காரியம். கொசுவலையைச் சன்னல் சட்டத்திலேயே நிரந்தரமாக அடித்துவிடுங்கள், திருடனுக்குக் கம்பி. இந்த இரண்டும் இருந்தால்தான் ராத்திரி திறப்பீர்கள்.

மேற்கே இடம் இருந்தால் வேம்பு, புங்கன். வீட்டை ஒட்டி வேண்டாம், 15 அடியாவது தள்ளி. மாசியில் இலை கொட்டினாலும் சித்திரை வெயிலுக்கு முன்னால் தழைத்துவிடுகிற மரங்கள் இவை.

எங்க அப்புச்சி காலத்துத் தொட்டிக்கட்டு வீடு. மண்சுவர், நாட்டு ஓடு. கரையான் தொல்லை, ஓடு மாத்த ஆள் இல்லை. இடிச்சுட்டு காங்கிரீட் வீடு கட்டலாம்னு மாமன் மச்சான் எல்லாம் சொல்றாங்க. எனக்கு மனசு வரலை. ஆனா மனசு மட்டும் வெச்சு முடிவெடுக்க முடியுங்களா?
– வாசகர், காங்கேயம் அருகில்

முடியாதுதான், அதனால் மனசைத் தள்ளி வைத்து அந்த வீடு என்ன வேலை செய்கிறது என்று மட்டும் பார்ப்போம். ஒன்றரை அடி மண்சுவர் பகல் சூட்டை உள்ளே விடுவதற்குள் பொழுது இறங்கிவிடும். நாட்டு ஓடு சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும், ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகச் சூட்டுக் காற்று மேலே போய்க்கொண்டே இருக்கும். மச்சு இருந்தால் அதற்கும் கீழே இன்னொரு தடுப்பு. நடுவில் உள்ள வாசல், அதாவது முற்றம், ராத்திரி வானத்துக்குத் திறந்து கிடந்து குளிர்கிறது, அந்தக் குளிர்ந்த காற்று கீழாக வந்து சுற்றி உள்ள தாழ்வாரங்களிலும் ஆசாரம் என்கிற கூடத்திலும் தங்குகிறது. காங்கேயம் பக்கத்து வறண்ட கோடைக்கு இதைவிடப் பொருத்தமாகக் கட்டுவது இன்றைக்கும் சிரமம்.

குறைகளும் உண்மை. கரையான், எலி, சமையலறை இருட்டு, கழிப்பறை வெளியே, ராத்திரி வயதானவர்கள் வாசலைக் கடந்து போக வேண்டியிருப்பது. இவற்றைப் பற்றிப் பேசாமல் பழைய வீட்டைப் புகழ்கிறவர்கள் அங்கே குடியிருந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் சொல்வது: முன்கட்டையும் வாசலையும் வைத்துக்கொள்ளுங்கள், பின்கட்டை எடுத்துவிட்டு அங்கே சமையலறையும் கழிப்பறையோடு சேர்ந்த இரண்டு அறைகளும் புதிதாகக் கட்டுங்கள். பின்கட்டிலிருந்து வருகிற நல்ல ஓடு முன்கட்டுக்கு உதவும், மரம் கதவுக்கும் நிலைக்கும் ஆகும், மண்ணைக் கூட நனைத்து மறுபடி பயன்படுத்தலாம். ஓட்டுக்கு அடியில் பலகையோ பனஞ்சட்டமோ மாற்றும்போது கரையான் மருந்து அடித்து, சுவர்த் தலைப்பில் மரம் உட்காரும் இடத்தில் மண்ணுக்குப் பதில் கல் வையுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள், மண்சுவருக்கு மேல் சிமெண்ட் பூச விடாதீர்கள். "பளிச்சுனு இருக்கும்ங்க" என்று சொல்லிப் பூசிவிட்டுப் போவார்கள். மண்சுவர் தரையிலிருந்து ஈரத்தை இழுத்து வெளியே விட்டுக்கொண்டே இருப்பது, சிமெண்ட் அதை அடைத்துவிடும், ஈரம் உள்ளேயே தங்கி ஓரிரு மழைக்குப் பிறகு பூச்சு பாளம் பாளமாக மண்ணையும் சேர்த்துக்கொண்டு விழும். சுண்ணாம்புப் பூச்சு மட்டும்தான் அதற்கு ஒத்துப்போகும். பங்கு பிரிக்கிற விஷயத்தில் நான் சொல்ல எதுவும் இல்லை, ஆனால் அளந்து பிரிக்கும் முன் வீட்டைப் படம் வரைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்கு பார்த்த மனை, வாஸ்து சரியில்லைன்னு விலை குறைச்சுக் கேக்கறாங்க. வாங்கலாமா?
– வாசகர், கோபி

வாங்கலாம். வாஸ்து உங்கள் நம்பிக்கை, அதில் நான் தலையிடவில்லை. வெயில் கணக்குப்படி மேற்கு முகப்பில் மாடிப்படி, குளியலறை, சாமான் அறை, ஆழமான போர்டிகோ இவற்றை வைத்துவிட்டு, படுக்கையறைகளைக் கிழக்கிலும் வடக்கிலும் தள்ளினால் நல்ல வீடு அமையும்.

கோவையில் ஆர்க்கிடெக்சர் படிக்கிறேன் சார். அவிநாசி ரோட்டில் முழுக்கக் கண்ணாடியில் கட்டுகிறார்கள், பசுமைக் கட்டடம் என்று சான்றிதழும் வாங்குகிறார்கள். கண்ணாடிக் கட்டடம் எப்படிப் பசுமையாகும்?
– மாணவர், பீளமேடு

நல்ல கேள்வி தம்பி. வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்து மேசையையும் தரையையும் சூடாக்கும், அந்தச் சூடு திரும்ப வெளியே போகும்போது கண்ணாடி அதை விடாது. வெயிலே அபூர்வமாக இருக்கிற குளிர் நாட்டுக்கு அது வரம். இங்கே சித்திரையில் மேற்கு பார்த்த கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் உட்காருகிறவர்கள் திரையை இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, ஏசியைக் கூட்டி வைத்திருப்பார்கள். வெளிச்சத்துக்காக வைத்த கண்ணாடியால் வெளிச்சமும் கிடைக்கவில்லை.

சான்றிதழ் என்பது பல தலைப்புகளில் புள்ளி சேர்ப்பது. தண்ணீர் மறுசுழற்சி, சிக்கனமான ஏசி எந்திரம், பூச்சு வகை என்று பலவற்றில் புள்ளி வாங்கினால் முகப்பில் இழந்ததை ஈடுகட்டலாம். அதனால் சான்றிதழ் பொய் என்று சொல்ல மாட்டேன், அது எதை அளக்கிறது என்று படித்துப் பார். 2004இல் திறந்த ஹைதராபாத்தின் சிஐஐ சொராப்ஜி கோத்ரெஜ் பசுமை மையம் லீட் என்கிற பசுமைச் சான்றிதழின் உச்சப் படியான பிளாட்டினத்தை அமெரிக்காவுக்கு வெளியே முதலில் வாங்கிய கட்டடம். அதில் என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா, உள்முற்றங்கள், ஜாலிச் சுவர்கள், காற்றுக் கோபுரங்கள். அதன் பிளானையும் அவிநாசி ரோட்டில் ஒரு கட்டடத்தின் பிளானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் மாலை 4 மணிக்கு வெயில் எதுவரை வருகிறது என்று கோடு போட்டுப் பார். கணினியில் செய்வதற்கு முன் ஒரு முறை கையால் செய், சூரியன் எங்கே நிற்கிறது என்பது அப்புறம் மறக்காது.

ஹாலோ பிளாக், சாம்பல் கல், செங்கல், வெள்ளைக் கல். எதில் கட்டினால் குளிர்ச்சி?
– வாசகர், நாமக்கல்

வெள்ளைக் கல் என்று நீங்கள் சொல்கிற ஏஏசி பிளாக் சூட்டைத் தடுப்பதில் முதலிடம், செங்கல்லோடு ஒப்பிட்டால் நாலைந்தில் ஒரு பங்கு வெப்பத்தைத்தான் கடத்தும். ஆனால் எடை குறைவு, சூட்டையோ குளிர்ச்சியையோ சேர்த்து வைக்காது, அதனால் ஏசி போடுகிற அறைக்கும் மேற்குச் சுவருக்கும் அது பொருத்தம். ராத்திரிக் காற்றை நம்புகிற வீட்டுக்குக் கனமான சுவர் வேண்டும். சாம்பல் கல் பக்கத்திலேயே மேட்டூர் அனல் மின் நிலையத்துச் சாம்பலில் இருந்து கிடைக்கிறது, சூளையில் விறகு எரிக்க வேண்டியதில்லை, வயல் மண்ணும் தப்பிக்கிறது. கோவை பக்கத்துத் தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்குச் செம்மண் எடுத்த விதத்தையும், 2021இல் அங்கே சூளைகள் மூடப்பட்டதையும் பார்த்த பிறகு நான் செங்கல்லைக் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வதில்லை.

செங்கல்தான் என்று முடிவெடுத்தால் ராட் ட்ராப் பாண்ட் (எலிப்பொறிக் கட்டு) முறையில் கட்டச் சொல்லுங்கள். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த லாரி பேக்கர் கேரளம் முழுக்கப் பரப்பிய முறை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்துக்கல்லாக நிறுத்தி 9 அங்குலச் சுவர் எடுப்பார்கள், நடுவில் காற்று நிற்கிற அறை வந்துவிடும். செங்கல் கால் பங்கு மிச்சம், சுவரும் சூட்டைக் குறைவாகக் கடத்தும். விளிம்பு நேராக உள்ள கல்லும், பொறுமையான கொத்தனாரும், கரண்ட் குழாய் எங்கே போகிறது என்று முன்கூட்டியே முடிவு செய்த பிளானும் வேண்டும். பின்னால் வந்து சுவரை வெட்டினால் கெட்டுவிடும்.

ஆனைகட்டி பக்கம் கொஞ்சம் பூமி இருக்கு. மண் வீடு கட்ட ஆசை. மழைக்குத் தாங்குமா?
– வாசகி, கோவை

தாங்கும், மண் சரியாக இருந்தால். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு உங்கள் பூமி மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கொஞ்சம் உப்பு சேர்த்துக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், அதன் மேல் வண்டல், எல்லாவற்றுக்கும் மேல் களி என்று படியும். மணல் பாதிக்கு மேல் இருந்து களி அளவாக இருந்தால் நல்லது. மேல்மண்ணை எடுக்காதீர்கள், அது பயிருக்கு. ஒரு முழத்துக்குக் கீழே உள்ளதுதான் கட்டடத்துக்கு. கரிசல் மண்ணில் செய்யவே செய்யாதீர்கள், அது ஈரத்தில் உப்பி வெயிலில் வெடிக்கும்.

ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் 1989இலிருந்து சொல்லிக்கொடுத்து வருகிற அழுத்திய மண் கல்லுக்கு 5 சதவீதம் சிமெண்ட் போதும், சூளை வேண்டாம், 4 வாரம் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். அடித்தளத்தைக் கருங்கல்லில் தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் எடுத்து, கூரை விளிம்பை 2, 3 அடி வெளியே நீட்டினால் சாரல் சுவரைத் தொடாது. ஆனைகட்டியில் மேற்குச் சாரல் உண்டு, அதனால் மேற்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள். மண்ணை வெளியிலிருந்து லாரியில் கொண்டுவருவதாக இருந்தால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள், அதில் அர்த்தம் இல்லை.

மொட்டை மாடி மழைத் தண்ணி எவ்வளவு தேறும்?
– வாசகர், கரூர்

உங்கள் பக்கம் வருசத்துக்கு 600 மி.மீ.யை ஒட்டி மழை என்று வைத்துக்கொண்டால், 1000 சதுர அடி மாடியில் 55,000 லிட்டர் விழும். ஆவியானது, முதல் மழையில் கழுவி விட்டது எல்லாம் போக 45,000 லிட்டர் தேறும். பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் வருகிறது, அதனால் தொட்டி போதாது, மிச்சத்தைக் கிணற்றுக்கோ போருக்கோ விடுங்கள். 2003இலிருந்து தமிழ்நாட்டில் இது கட்டாயம், குழாயை மாட்டிவிட்டு அடியில் குழியே தோண்டாத வீடுகளும் இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பனியன் கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்ட லைன் வீடு 8 இருக்குங்க. சிமெண்ட் அட்டை போட்டது, நாலு மட்டும் தகரம். வெயில் காலத்துல குடியிருக்கறவங்க படற பாட்டைப் பாக்க முடியலை. காங்கிரீட் போட இப்ப வசதி இல்லை. கம்மிச் செலவுல ஏதாச்சும் செய்ய முடியுங்களா?
– வாசகர், திருப்பூர்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உங்கள் மேல் பெரிய மரியாதை வந்தது ஐயா. வீட்டு உரிமையாளர்கள் எழுதுகிற கடிதங்களில் வாடகைக்கு இருப்பவர்களின் தூக்கத்தைப் பற்றிக் கேட்பவர்கள் அபூர்வம். அதிலும் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து, அட்டை கொதிக்கிற பகல் 11 மணிக்குப் படுக்கிறவர்கள் அவர்கள். மற்ற வீடுகளுக்கு ராத்திரி குளிர்ந்தால் போதும் என்று சொல்லலாம், லைன் வீடு பகலிலேயே குளிர வேண்டும்.

முதலில் எச்சரிக்கை. பழைய சிமெண்ட் அட்டை ஆஸ்பெஸ்டாஸாக இருக்கும். அதைத் துளைக்காதீர்கள், தேய்க்காதீர்கள், கம்பி பிரஷ் போட்டுச் சுரண்டாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். மேலே ஏறி மிதித்தால் உடையும், பலகை போட்டுத்தான் நடக்க வேண்டும். நனைத்து மெதுவாகக் கழுவி, காய்ந்ததும் வெளிப்பூச்சுக்கான வெள்ளை இரண்டு கோட்டு அடியுங்கள். தகரத்துக்கும் வெள்ளைதான், அது இன்னும் அவசியம். பளபளக்கிற தகரம் வெயிலைத் திருப்புகிற மாதிரித் தெரியும், ஆனால் வாங்கிய சூட்டை லேசில் வெளியே விடாது, வெள்ளை அடித்தால் விட்டுவிடும்.

அடுத்து, அட்டைக்குக் கீழே ஓர் அடி இடைவெளி விட்டு ஒரு சீலிங். மூங்கில் தட்டியோ, சிமெண்ட் போர்டோ. தென்னங்கீற்று வேண்டாம், உள்ளேயே சமைக்கிறார்கள், தீப்பிடித்தால் எட்டு வீடும் போகும். அட்டைக்கும் சீலிங்குக்கும் நடுவில் சேரும் சூடு வெளியேற, இரண்டு பக்கச் சுவரின் தலைப்பிலும் அட்டைக்குக் கீழே திறப்பு விட்டுக் கம்பி வலை அடியுங்கள். இந்தத் திறப்பு இல்லாமல் சீலிங் மட்டும் அடித்தால் பாதிப் பலன் கூடக் கிடைக்காது. லைன் வீட்டில் முதுகோடு முதுகு ஒட்டிய சுவர் என்றால் பின்பக்கம் காற்றுக்கு வழியே இருக்காது, உங்கள் வீடுகள் அப்படியா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் கூரை முகட்டில் சுழலும் வென்டிலேட்டர் வைக்க வேண்டியிருக்கும், கரண்ட் தேவையில்லை, திருப்பூர்க் காற்றுக்கு நன்றாகச் சுற்றும்.

பழைய ஃபேனை மாற்றுவதாக இருந்தால் பிஎல்டிசி ஃபேன் போட்டுக் கொடுங்கள், 75 வாட் இழுக்கிற இடத்தில் 30 வாட் போதும், குடியிருப்பவர்களுக்கு பில் குறையும்.

எட்டு வீட்டுக்கும் ஒரேயடியாகச் செய்ய முடியாவிட்டால், இந்த மாதமே நாலு தகர வீட்டுக்கும் வெள்ளை அடித்துத் தலைப்புத் திறப்பை மட்டும் விட்டுவிடுங்கள். சீலிங்கைத் தீபாவளிக்கு முன் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் வீட்டின் நீள அகலத்தையும், பின்சுவர் எப்படி இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள்.